நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்



பதிவு கொஞ்சம் நீளம். மாலைக் காபியோடு பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் மக்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். இளம் வயதினர், "மனசுக்குப் பிடித்த வேலை எப்படி சார் கிடைக்கும்? இப்போது இருக்கிற வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள். என் வயதை நெருங்குகிறவர்கள், "பணி நிறைவுக்குப் பிறகு பொழுதை எப்படி ஓட்டுவது?" என்று கேட்கிறார்கள். வேலைக்குள் நுழைவது ஒரு கவலை, வேலையை விட்டு வெளியே வருவது இன்னொரு கவலை.

இரண்டுக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்லிப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இல்லை. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வதே சரியான பதில் என்று தோன்றியது. அந்தச் சம்பவத்தில் ஒருவர் வேலையை விட்டு விலகுகிறார். இன்னொருவர் ஓரிடத்தை விட்டுவிட்டு அந்த வேலைக்கு வருகிறார். மூன்றாமவர், தன்னிடம் இருப்பவரை விட மனம் இல்லாமலே அனுப்பி வைக்கிறார். மூன்று பேரும் நடந்துகொண்ட முறையால்தான் இன்று நம் பிள்ளைகள் சிலப்பதிகாரத்தைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள் என்றால், அது மிகையாகாது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

விலகியவர் வித்துவான் தியாகராச செட்டியார். திருச்சி மாவட்டத்துப் பூவாளூர்க்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

வந்தவர் உ.வே.சாமிநாதையர். நமக்குத் தமிழ்த் தாத்தா. அப்போது அவர் தாத்தாவும் இல்லை, பெரிய பெயரும் இல்லை. 25 வயது நிறையும் தறுவாயில் இருந்த இளைஞர்.

அனுப்பியவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்.

உ.வே.சா. பிறந்தது 1855இல். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனும் அந்த வழியிலேயே வர வேண்டும் என்பது வீட்டு ஆசை. உறவினர்களும் ஊர்க்காரர்களும் சும்மா இருப்பார்களா? ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் உண்டு, சமஸ்கிருதம் படித்தால் புண்ணியம் உண்டு, தமிழ் படித்து என்ன கிடைக்கும் என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சு. இன்றைக்கும் அந்தப் பேச்சு பெரிதாக மாறிவிடவில்லை. பாடத்தின் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

ஆனால் பையனுக்குத் தமிழ்தான் பிடித்திருந்தது. ஊர் ஊராகச் சென்று, தெரிந்தவர்களிடம் எல்லாம் பாடம் கேட்டார். கடைசியில் 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். சுமார் 5 ஆண்டுகள் ஆசிரியரோடு நிழல் போல இருந்தார். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் காலமானார். தமிழ்நாட்டில் அவருக்கு நிகரான புலவர் அன்று இல்லை. அப்படிப்பட்டவர் கடனோடுதான் போனார். தமிழ்ப் படிப்பு சோறு போடுமா என்ற கேள்விக்கு மாணவன் கண்முன்னே பார்த்த பதில் அது.

ஆசிரியர் இறந்தபின் மாணவரை ஆதரித்தவர் சுப்பிரமணிய தேசிகர். மடத்தில் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் குறைவில்லை. தேசிகரிடம் மேற்கொண்டு பாடம் கேட்கலாம், மடத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லலாம், வந்து போகும் வித்துவான்களோடு பேசலாம். 4 ஆண்டுகள் இப்படிப் போயின. வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது செட்டியாரிடம் வருவோம்.

அவருக்கு வயது 54 ஆகிறது. உடல்நலம் குன்றி, வேலையிலிருந்து விலக முடிவு செய்கிறார். பொதுவாக நாம் என்ன செய்வோம்? விண்ணப்பம் கொடுப்போம், சேர வேண்டிய தொகையைக் கணக்குப் பார்ப்போம், ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சாப்பாடு, வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பது நிர்வாகத்தின் பாடு.

செட்டியார் அப்படி நினைக்கவில்லை. தான் வேலையை விடும்போது அந்த இடத்தில் சாமிநாதனை அமர்த்துவதாகத் தம் ஆசிரியர் உயிரோடு இருந்தபோதே அவரிடம் சொல்லியிருந்தார். சொன்னதற்குச் சாட்சிப் பத்திரம் எதுவும் இல்லை. கேட்ட ஆசிரியரும் மறைந்து 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. மறந்துவிட்டேன் என்று இருந்திருந்தால் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

அவரே புறப்பட்டுத் திருவாவடுதுறைக்குப் போனார். தேசிகரிடம் விஷயத்தைச் சொன்னார். தேசிகருக்கு மனம் இல்லை. நியாயம்தானே? மடத்தில் பாடம் சொல்ல ஒரு நல்ல ஆள் தயாராகியிருக்கிறார். அவரை அரசாங்கக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு இவர் என்ன செய்வார்? முதலில் சம்மதிக்கவில்லை. செட்டியார் விடவில்லை. இளைஞருக்கோ இரண்டு பக்கமும் மனம் இழுத்தது. புதிய வேலையில் ஆசை இருந்தது, ஆதரித்த இடத்தை விட்டுப் போவதில் தயக்கமும் இருந்தது.

இந்த இடத்தில் அவர் என்ன செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தேசிகருக்குத் தெரியாமல் கல்லூரிக்கு மனுப் போடவில்லை. வேலை உறுதியான பிறகு ஓலை அனுப்பிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கவில்லை. அவர் உத்தரவு கிடைத்தால் போவது, இல்லாவிட்டால் இருப்பது என்று காத்திருந்தார். செட்டியாரும் தேசிகரைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேரே போய்க் கேட்டார். கடைசியில் தேசிகர் இசைந்தார். கும்பகோணம் பக்கத்து ஊர்தான், வந்து போகலாம் என்ற சமாதானத்தோடு வாழ்த்தி அனுப்பினார்.

கல்லூரி முதல்வர் அப்போது கோபாலராவ். செட்டியார் அவரிடமும் எடுத்துச் சொன்னார். 1880 பிப்ரவரியில் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் ஆனார். சம்பளம் மாதம் 50 ரூபாய். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இளைஞர். மூத்தவர் ஒருவர் தம் பெயரையே பிணையாக வைத்து, "இவர் என் இடத்துக்குத் தகுந்தவர்" என்று நின்றதால் கிடைத்த வேலை அது.

இதுவரை நான் சொன்னது வேலை கிடைத்த கதை. அவர் எந்தப் பணிக்காகப் பிறந்தாரோ, அது இன்னும் வரவில்லை. அது வர மேலும் 8 மாதங்கள் ஆயின. வந்த வழிதான் எனக்கு ஆச்சரியம்.

கல்லூரி வேலை கிடைத்ததும் உ.வே.சா. மடத்தை மறந்துவிடவில்லை. விடுமுறை நாள்களில் திருவாவடுதுறைக்குப் போய்த் தேசிகரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவார். அந்தச் சமயத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தார். முன்சீப் என்றால் சிவில் வழக்குகளைக் கேட்கும் நீதிபதி. "புதிய முன்சீபைப் பார்த்தீர்களா? போய்ப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியவர் யார் தெரியுமா? தேசிகர்தான்!

1880 அக்டோபர் 21ஆம் நாள் உ.வே.சா. முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று வரிசையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டால் எவரும் வியந்துபோவார்கள். முதலியாரோ அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போலக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவற்றில் அவை இல்லை. புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்றுதான் இவரால் சொல்ல முடிந்தது.

நினைத்துப் பாருங்கள். அத்தனை ஆண்டுகள் உழைத்துப் படித்தவரிடம், தொழில்முறைப் புலவர் அல்லாத ஒரு நீதிபதி, "இது போதாது" என்கிறார். நம்மில் பலர் கோபித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க மாட்டோம். இவர் மறுபடி போனார். முதலியாரிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார். படிக்கப் படிக்கப் புரியவில்லை. அது சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அந்த மரபு தெரியாது. வெட்கப்படாமல் கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகங்களைக் கேட்டார். ஊர் ஊராக ஓலைச்சுவடி தேடினார். செலவுக்குப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. அதன்பின் வரிசையாக வந்தன: பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903.

மடத்தை விட்டு மனக்கசப்போடு போயிருந்தால், விடுமுறைக்கு அங்கே போயிருக்க மாட்டார். போகாவிட்டால் முதலியாரைப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. எதையும் அடித்துச் சொல்ல முடியாதுதான். முதலியாரும் கும்பகோணத்தில்தான் இருந்தார், வேறு வழியில் சந்திப்பு நடந்திருக்கலாம். ஆனால் நடந்த வழி இது. அவர் விட்டுவந்த இடமே, அவர் வாழ்நாள் பணிக்கு அவரைக் கைபிடித்து அனுப்பியது.

நண்பர்களே, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

ஒன்று, பிடித்த பணி என்பது எங்கோ தயாராக உட்கார்ந்துகொண்டு நமக்காகக் காத்திருப்பதில்லை. உ.வே.சா. தேடிப் போனது தமிழ்ப் படிப்பை. கிடைத்தது 50 ரூபாய் வேலை. பதிப்புப் பணி அதற்குப் பிறகு, வேலையின் ஓரத்தில் முளைத்தது. பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் சுவடி. சம்பளம் வீட்டைக் காப்பாற்றியது, சுவடி அவரைக் காப்பாற்றியது. சிந்தாமணி வரவேண்டும் என்று அவர் கல்லூரி வேலையை உதறவில்லை. இடையில் அலுப்பும் கடனும் இல்லாமல் இல்லை. புராணப் பிரசங்கம் செய்து கடன் அடைத்த குடும்பம் அது. மாதச் சம்பளத்தின் அருமை அவருக்குத் தெரியும்.

இரண்டு, போகும்போது கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். பழைய இடத்தில் நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருப்பது பெரிய சொத்து.

வேலை கொடுப்பவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. நல்ல ஆள் விலகுகிறேன் என்றால் உடனே துரோகி ஆக்கிவிடும் நிர்வாகங்களைப் பார்க்கிறோம். சான்றிதழைத் தராமல் இழுத்தடிப்பதும், கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பதும் நடக்கிறது. தேசிகர் ஒரு ஆதீனத்தின் தலைவர். "முடியாது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். இழப்பு என்று தெரிந்தும் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த பிறகும் அந்த இளைஞரின் நலனில் அக்கறை வைத்திருந்தார்.

இனி என் வயதுக்காரர்களுக்கு.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு முதன்முதலாக நான் வேலைக்குப் போன கிராமப் பள்ளியில், எனக்கு முன்னால் இருந்தவர் அலமாரிச் சாவியைக்கூட ஒப்படைக்காமல் போயிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எழுத்து வராது, எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, எந்த வீட்டில் அப்பா இல்லை, எதுவும் தெரியாது. இவற்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு பருவம் போய்விட்டது. அதனால் பிள்ளைகளுக்குத்தான் நட்டம். நான் பணி நிறைவு பெற்றபோது, அடுத்து வருபவருக்காக 40 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் அந்த நோட்டை எழுதும்போதுதான் செட்டியார் செய்ததன் அருமை எனக்கு விளங்கியது.

நாம் பணி நிறைவு என்றால் நம்மைப் பற்றியே நினைக்கிறோம். மேடையில் யார் பேசுவது, என்ன பரிசு, எத்தனை பேர் வந்தார்கள். செட்டியார் தமக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் பற்றி நினைத்தார். அடுத்து வருபவன் தன்னை மிஞ்சிவிடுவானோ என்ற பயம் மூத்தவர்களுக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டோம், உள்ளே இருக்கும். சுமாரான ஆள் வந்தால்தானே "அவர் இருந்தபோது எப்படி இருந்தது தெரியுமா" என்று நம்மைப் பேசுவார்கள்! செட்டியார் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கேட்டு, தம்மை மிஞ்சப் போகிறவரையே உட்கார வைத்தார். மிஞ்சியும்விட்டார். சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த மறு ஆண்டு, 1888இல், செட்டியார் காலமானார். தேசிகர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

உ.வே.சா.வும் ஒருநாள் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். கும்பகோணத்தில் 23 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1919இல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 64. இனி நிம்மதியாக உட்காரலாம் என்று சொல்லும் வயது. அவர் உட்காரவில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1924இல் பெருங்கதையையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். அது முடிவதற்குள் 1942 ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுக் கல்லூரிகளில் வேலை பார்த்தது 39 ஆண்டுகள். ஓய்வுக்குப் பிறகு வாழ்ந்தது 23 ஆண்டுகள். அந்த 23 ஆண்டுகளில் பொழுதை எப்படி ஓட்டுவது என்ற கேள்வி அவருக்கு எழுந்திருக்கவே வழியில்லை. ஏனென்றால் வேலைக்குத்தான் ஓய்வு வந்தது. பணிக்கு வரவில்லை. வேலையைத் தவிர வேறு பணி எதையும் சேர்த்து வைக்காதவர்களுக்குத்தான் கடைசி நாள் கலக்கமாக இருக்கிறது. நாற்காலியோடு எல்லாம் போய்விடுகிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் சிலர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறார்கள், ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அலுவலகத்துக்கு வந்து புதியவரின் வேலையில் தலையிடுகிறார்கள்.

ஆகவே, 50 வயதில் இருப்பவர்களே, இப்போதே ஒரு பணியைத் தொடங்கிவிடுங்கள். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் படித்து எழுதி வையுங்கள். பாட்டிமார் சொல்லும் தாலாட்டைப் பதிவு செய்யுங்கள். நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏரிக்கரையில் பனைவிதை நடுங்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுத்த வேலை உங்களை விட்டுப் போகும் நாளில், அது உங்களோடு இருக்கும்.

இன்னும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சென்னை திருவல்லிக்கேணியில் உ.வே.சா. குடியிருந்த வீட்டுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். சுவாமி பெயர் வைக்கவில்லை, பெற்றோர் பெயர் வைக்கவில்லை. தாம் பதிப்பித்த பெரிய நூல் எதன் பெயரையும் வைக்கவில்லை. 'தியாகராச விலாசம்' என்று வைத்தார். தம் நாற்காலியைக் கொடுத்த செட்டியாரின் பெயர். செட்டியாரின் வாழ்க்கை வரலாற்றையும் தனி நூலாக எழுதினார்.

அந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதைக் காப்பாற்ற நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. சுவடிகளும் நூல்களும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன. சென்னைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவடிகளைக் காட்டும்போது, இவற்றைத் தேடி எடுத்தவரின் பெயரோடு, அவருக்காகத் தம் இடத்தை விட்டு எழுந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையில், உங்களுக்கு இடம் விட்டுக்கொடுத்த பெரியவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அவர் இருந்தால், இன்று ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓய்வு பெற்ற வாத்தியார்